ஒரு நாள் கூடுதலாக: லாஸ் வேகாஸ் ஃப்ரன்டியர் விடுதி வேலைநிறுத்தம், 1991–1998

லாஸ் வேகாஸில் ஃப்ரன்டியர் என்று ஒரு கேசினோ விடுதி இருந்தது. 1991 செப்டம்பர் 21 அன்று அதன் தொழிலாளர்கள் ஏறத்தாழ 550 பேர் வேலையை நிறுத்திவிட்டு வாசலுக்கு வெளியே வந்தார்கள். அறை சுத்தம் செய்பவர்கள், சமையல்காரர்கள், பரிமாறுபவர்கள், பாரில் ஊற்றிக்கொடுப்பவர்கள், ஏசியும் பாய்லரும் பார்ப்பவர்கள், தச்சர்கள் என்று ஐந்து சங்கத்து ஆட்கள். அவர்கள் மறுபடி அந்த வாசலுக்குள் போனது 1998 பிப்ரவரி 1 பிறந்த நள்ளிரவில். நடுவில் 6 ஆண்டு, 4 மாதம், 10 நாள் ஓடியிருந்தது.

அத்தனை காலமும் நிர்வாகம் மாற்று ஆட்களை வைத்து விடுதியை நடத்திக்கொண்டே இருந்தது. வாசலில் மறியலும் இரவு பகலாக, தீபாவளி பொங்கல் மாதிரி அவர்களுக்கு உள்ள கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களிலும் நடந்தது. வெளியே வந்த 550 பேரில் ஒருவர்கூடக் கருங்காலியாகி உள்ளே போகவில்லை. இந்தக் கடைசி வரியை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பத்து பேர் வேலை பார்க்கும் ஒரு ஹவுஸ்கீப்பிங் துறையில், ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டுக்கு எல்லோரையும் ஒரு பேச்சில் நிறுத்துவதே எவ்வளவு பாடு என்பது அந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த வேலைநிறுத்தத்தைத் தொழிற்சங்க வரலாறாக எழுதியவர்கள் நிறைய. நான் பார்க்க விரும்புவது நிர்வாகத்தின் பக்கத்திலிருந்து. ஒரு விடுதி நிர்வாகம் எந்த இடத்தில் கணக்குப் பிசகியது? அதே நகரத்தில், அதே ஆண்டுகளில், அதே சங்கத்தோடு உட்கார்ந்து பேசிய வேறு முதலாளிகள் எப்படிச் செழித்தார்கள்?

விடுதியும் ஊரும்

லாஸ் வேகாஸ் பாலைவனத்தில் கட்டிய ஊர். கோடையில் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அங்கே விளைவது ஒன்றும் கிடையாது. வந்து தங்கி, சாப்பிட்டு, சூதாடிவிட்டுப் போகும் விருந்தினர்தான் ஊரின் விளைச்சல். ஸ்ட்ரிப் என்று அழைக்கப்படும் பெருஞ்சாலையில் முதலில் வந்த விடுதி எல் ராஞ்சோ வேகாஸ், 1941. அடுத்த ஆண்டே வந்தது லாஸ்ட் ஃப்ரன்டியர். எல்விஸ் பிரெஸ்லி லாஸ் வேகாஸில் முதன்முதலாகப் பாடியது 1956இல் இதே மேடையில்தான். 1967இல் பழைய கட்டடம் போய்ப் புதிய ஃப்ரன்டியர் எழுந்தது. அதே ஆண்டு கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ் அதை வாங்கினார். அவருக்குப் பின் வந்த நிறுவனத்திடமிருந்து 1988இல் விடுதி மார்கரெட் எலார்டியின் குடும்பத்துக்குக் கைமாறியது. நம் கதை அங்கே தொடங்குகிறது.

அதற்கு முன் சங்கத்தின் நிலைமையைச் சொல்லியாக வேண்டும். ஊரின் பெரிய சங்கம் கலினரி யூனியன், அதாவது சமையல் மற்றும் விடுதித் தொழிலாளர் சங்கத்தின் 226ஆவது கிளை. 1984இல் அது ஊர் முழுவதும் வேலைநிறுத்தம் செய்தது. ஏறத்தாழ 17,000 பேர் இறங்கினார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தது, நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள், முடிவில் ஆறு கேசினோக்களில் சங்கமே இல்லாமல் போயிற்று. தோல்வி என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டு முன்புதான், 1981இல், அதிபர் ரேகன் வேலைநிறுத்தம் செய்த 11,000க்கும் மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பியிருந்தார். நாடு முழுவதும் முதலாளிகளுக்குத் தைரியம் வந்திருந்த காலம் அது.

இன்னொன்று: நெவாடா மாநிலச் சட்டப்படி யாரையும் சங்கத்தில் சேரக் கட்டாயப்படுத்த முடியாது. சந்தா கட்டாமலே ஒப்பந்தத்தின் பலனை அனுபவிக்கலாம். ஆகவே அங்கே ஒரு சங்கம் உயிரோடு இருக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு ஆளிடமும் தனித்தனியாகப் பேசிச் சேர்க்க வேண்டும். 1984இன் அடிக்குப் பிறகு கலினரி சங்கம் செய்தது அதைத்தான். தலைவர்கள் மட்டும் பேசி முடிக்கும் பழக்கத்தை விட்டு, ஒவ்வொரு விடுதியிலும், ஒவ்வொரு துறையிலும், ஒவ்வொரு ஷிஃப்டிலும் தொழிலாளர் குழுக்களைக் கட்டியது. லினன் ரூமில் ஒருவர், பாத்திரம் கழுவும் இடத்தில் ஒருவர், காபி ஷாப்பில் ஒருவர். ஃப்ரன்டியரில் ஒருவர்கூட உள்ளே போகாததற்குக் காரணம் தேடுபவர்கள் இங்கேதான் முதலில் பார்க்க வேண்டும்.

எதிரெதிர் இரண்டு கணக்குகள்

1989இல் ஊரில் இரண்டு விஷயம் நடந்தது. ஸ்டீவ் வின் என்ற தொழிலதிபர் மிராஜ் என்ற மாபெரும் விடுதியைத் திறந்தார். 3,000க்கும் மேற்பட்ட அறைகள், வாசலில் செயற்கை எரிமலை, அதுவரை ஸ்ட்ரிப் பார்க்காத செலவு. வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட ஒவ்வொரு நாளும் விடுதி நிரம்பியாக வேண்டும். அந்த நிலையில் அவர் சங்கத்தோடு முன்கூட்டியே உட்கார்ந்தார். பெரும்பான்மைத் தொழிலாளர்கள் உறுப்பினர் அட்டையில் கையெழுத்துப் போட்டால் போதும், நான் குறுக்கே நிற்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டார். பதிலுக்குச் சங்கமும் இறங்கி வந்தது. பழைய ஒப்பந்தங்களில் வேலைகள் நுணுக்கி நுணுக்கிப் பிரிக்கப்பட்டிருந்தன. இவர் இதைத் தொட மாட்டார், அவர் அதைத் தொட மாட்டார் என்று ஏகப்பட்ட பணிப்பிரிவுகள். அவற்றைக் குறைத்து இணைக்கச் சங்கம் சம்மதித்தது. நிர்வாகத்துக்கு ஆட்களை மாற்றிப் போடும் வசதி கிடைத்தது, தொழிலாளிக்கு வேலைப் பாதுகாப்பு கிடைத்தது. நம்மூர் தொழிற்சங்கக்காரர்கள் 18(1) ஒப்பந்தம் என்று சொல்வார்களே, தொழிலாளர் துறை அதிகாரி நடுவில் இல்லாமல் இரு தரப்பும் நேரே பேசி முடிப்பது, அந்த ரகம்.

இரண்டாவது விஷயம், ஃப்ரன்டியரிலும் பழைய ஒப்பந்தம் முடிந்திருந்தது. ஊரின் பெரிய விடுதிகள் பல புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. எலார்டி குடும்பம் போடவில்லை. ஊதியம், ஓய்வூதியம், மருத்துவச் சலுகை, வேலைப் பாதுகாப்பு என எல்லாமே தகராறுக்கு வந்தன.

எலார்டியை வில்லியாக வரைவது சுலபம். அது உதவாது. அவர் தொழில் தெரியாதவர் இல்லை. கொலராடோ ஆற்றங்கரையில் லாஃப்லின் என்ற சின்ன ஊரில் சங்கம் இல்லாத கேசினோ நடத்தி லாபம் பார்த்தவர். அவருடைய வழி எளிமையானது: குறைந்த வாடகை, மலிவான சாப்பாடு, சூதாடுபவர்களுக்குத் தாராளமான விதிகள், அதிகக் காசில்லாத கூட்டத்தை வரவழைத்தல். செலவை எங்கெல்லாம் குறைக்க முடியுமோ அங்கெல்லாம் குறைத்தால்தான் இந்த வழி நிற்கும். ஃப்ரன்டியரை வாங்கியதும் அதே வாய்ப்பாட்டை அங்கேயும் போட்டுப் பார்த்தார். விடுதிச் செலவில் பெரிய பங்கு சம்பளம். பட்ஜெட் போட்டு உட்கார்ந்தவர் எவருக்கும் அந்த வரியைப் பார்த்ததும் கை பரபரக்கும். எனக்கும் பரபரத்திருக்கிறது.

ஆனால் அந்த வரிக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தாளில் பார்க்க முடியாது. அதைப் பார்க்க ஓர் அறைக்குள் போக வேண்டும்.

ஓர் அறை, முப்பது நிமிடம்

கேசினோ விடுதியில் விருந்தினர் காலி செய்துவிட்டுப் போன அறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். செக்-அவுட் ரூம். இரண்டு பெரிய கட்டில்கள். நான்கு பேர் தங்க வேண்டிய இடத்தில் ஆறு பேர் தங்கியிருப்பார்கள். தரையில் பீட்சா அட்டை, குளியல் தொட்டியில் உருகிய ஐஸும் பாட்டிலும், ஆஷ்ட்ரே நிறைந்து மேசையில் சாம்பல். கதவைத் திறந்து டிராலியை நிறுத்தியதும் முதலில் சன்னலைப் பார்த்துவிட்டு, குப்பையை எடுத்துவிட்டு, துணியை உருவ வேண்டும். அழுக்கு விரிப்பு நான்கு, தலையணை உறை எட்டு, துண்டு எத்தனை என்று கணக்கில்லை. அப்புறம் கட்டில். மெத்தையின் மூலையை ஒரு கையால் தூக்கி மறு கையால் விரிப்பைச் செருக வேண்டும். ஒரு கட்டிலுக்கு நான்கு மூலை, அடிவிரிப்புக்கு ஒரு முறை, மேல்விரிப்புக்கும் போர்வைக்கும் கால்மாட்டில் இன்னொரு முறை. ஒரு நாளைக்குப் பதினைந்து அறை என்றால் எத்தனை முறை அந்த மெத்தை தூக்கப்படுகிறது என்று கூட்டிப் பாருங்கள். பிறகு மண்டியிட்டுத் தொட்டி தேய்ப்பது, கண்ணாடி, குழாய், தரை. கடைசியில் கதவருகே நின்று, விருந்தினரின் கண்ணால் ஒரு முறை அறையைப் பார்ப்பது. ஒரு தலைமுடி கிடந்தால் போச்சு.

நான் தமிழ்நாட்டுக் கடற்கரை விடுதி ஒன்றில் ஃப்ளோர் சூப்பர்வைசராக இருந்தபோது எங்களிடம் ஓர் அக்கா வேலை பார்த்தார். மெத்தையைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை முட்டுக் கொடுத்து மூலையை உயர்த்துவார். புதிதாக வரும் பெண்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான், பயிற்சி மேனேஜர் இல்லை. அவர் சம்பளம் கூட்டிக் கேட்டு நான் கேட்டதில்லை. மாதக் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "தம்பி, பி.எஃப். கட்டிட்டாங்களா?" கட்டவில்லை. பல மாதம் பிடித்தம் செய்துவிட்டுக் கட்டாமலே விட்டிருந்தார்கள். நான் அலுவலகத்தில் கேட்டபோது அடுத்த மாதம் என்றார்கள். ஒரு சித்திரை விடுமுறையில், விடுதி நிரம்பி வழிந்த வாரத்தில், அக்காவும் அவரோடு நான்கு பேரும் பக்கத்து விடுதிக்குப் போய்விட்டார்கள். மதியம் இரண்டு மணிக்குக் குழந்தைகளோடு வந்து நின்ற குடும்பங்களுக்கு மாலை ஐந்து வரை அறை கொடுக்க முடியவில்லை. வரவேற்பறையில் அன்று வாங்கிய திட்டு எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. அந்த நிர்வாகம் மிச்சம் பிடித்ததாக நினைத்த தொகையைவிட அந்த வாரத்தில் திருப்பிக் கொடுத்த வாடகை நிச்சயம் அதிகம்.

உடம்பை வைத்துப் பிழைப்பவர்களுக்கு இந்த உடம்பு எத்தனை வருடம் தாங்கும் என்று தெரியும். அதனால்தான் இன்றைய சம்பளத்தைவிட ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் அவர்களுக்குப் பெரிய விஷயம். ஐம்பது வயதில் முட்டி போனால் என்ன செய்வது என்பதுதான் அவர்களுடைய பட்ஜெட்.

லாஸ் வேகாஸில் இதற்கு ஒரு தனிச் சிறப்பான ஏற்பாடு இருந்தது. ஓய்வூதிய நிதியும் மருத்துவ நிதியும் ஒரு விடுதிக்கு மட்டும் உரியவை அல்ல. ஒப்பந்தம் போட்ட எல்லா விடுதிகளும் சேர்ந்து பணம் கட்டும் பொது நிதிகள் அவை. ஒரு பெண் இந்த விடுதியில் ஐந்து வருடம், அடுத்த விடுதியில் எட்டு வருடம் வேலை பார்த்தாலும், ஓய்வூதியக் கணக்கு அறுபடாமல் தொடரும். அதாவது அவர் ஒரு முதலாளிக்கு மட்டும் வேலைக்காரி இல்லை, அந்த ஊரின் தொழிலுக்கே உரியவர். எலார்டி குடும்பம் கவனிக்கத் தவறியது இதை என்று நினைக்கிறேன். ஃப்ரன்டியர் தொழிலாளிக்கும் தங்களுக்கும் மட்டுமான ஓர் உறவு என்று அவர்கள் பார்த்தார்கள். அந்தத் தொழிலாளியோ எதிரே டெசர்ட் இன்னிலும் பக்கத்தில் ஸ்டார்டஸ்டிலும் வேலை பார்க்கும் அண்ணன், தங்கை, பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரே நிதியில் கட்டுண்டவர். ஃப்ரன்டியர் மட்டும் அந்தச் சங்கிலியிலிருந்து வெளியே போனால், நாளை மற்ற முதலாளிகளும் நமக்கு மட்டும் என்ன தலையெழுத்து என்று கேட்பார்கள். ஊரில் உள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் இது தன் வீட்டுப் பிரச்சினை ஆனது அப்படித்தான்.

வாசலில் ஆறு ஆண்டு

அமெரிக்கச் சட்டம் வேலைநிறுத்தக்காரருக்கு அத்தனை சாதகம் இல்லை. சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்பவர்களின் இடத்தில் நிரந்தரமாகவே வேறு ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 1938இலேயே சொல்லிவிட்டது. முதலாளியின் சட்டவிரோத நடத்தையால் எழுந்த வேலைநிறுத்தம் என்றால் மட்டும் அப்படிச் செய்ய முடியாது. ஆகவே சங்கம் வாசலில் நின்றது ஒரு பக்கம், தேசிய தொழிலாளர் உறவு வாரியத்தில் வழக்கு நடத்தியது இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதி நின்றிருக்காது.

சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்? சங்கம் வாராவாரம் ஒரு படித்தொகை கொடுத்தது. அந்தப் பணம் பெரும்பாலும் மற்ற விடுதிகளில் வேலை பார்த்த உறுப்பினர்களின் பையிலிருந்து வந்தது. மிராஜில் கட்டில் விரித்த பெண்ணின் சந்தாவில் ஒரு பங்கு ஃப்ரன்டியர் வாசலில் நின்ற பெண்ணின் வீட்டு அடுப்புக்குப் போயிற்று. பல வேலைநிறுத்தக்காரர்கள் வேறு சங்க விடுதிகளில் வேலை தேடிக்கொண்டு, ஷிஃப்ட் முடிந்ததும் மறியலுக்கு வந்தார்கள். மறியலே ஒரு வேலை மாதிரி ஷிஃப்ட் போட்டு நடந்தது. வருகைப் பதிவு இருந்தது, ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் பொறுப்பாளர் இருந்தார். ஒழுங்காக நடக்கும் ஒரு ஹவுஸ்கீப்பிங் துறையை வாசலில் கொண்டுவந்து வைத்தது போல. ஆட்களைக் கையாளும் திறமை என்றால் என்ன என்று மேனேஜர்கள் படிக்க வேண்டிய பாடம் விடுதிக்கு வெளியேதான் நடந்துகொண்டிருந்தது.

அந்த ஆண்டுகளில் சங்கத்தின் தலைவர் ஹாட்டி கான்டி. அலபாமாவில் பிறந்த கறுப்பினப் பெண், பத்துப் பிள்ளைகளின் தாய். 1975இல் கணவர் இறந்த பிறகு குடும்பத்தைத் தாங்க வேலைக்குப் போனவர், விடுதிகளில் அறை சுத்தம் செய்தவர். 1990இல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறியல்களில் பல முறை கைதானார். முதலாளிகளுக்கு எதிரே உட்கார்ந்து பேசியவர் தன் கையால் மெத்தை தூக்கியவர் என்பது சின்ன விஷயம் இல்லை. நிகராகுவாவிலிருந்து வந்து அறை சுத்தம் செய்த ஹியோகோண்டா ஆர்குவெல்லோ க்ளைன் ஃப்ரன்டியர் மறியலில் பொறுப்பாளராக இருந்தவர். அவர் பின்னாளில் இதே சங்கத்தின் செயலாளர்-பொருளாளர் ஆனார்.

தொழிலாளர்களின் கோஷம் "ஒரு நாள் கூடுதலாக". நீ எத்தனை நாள் இழுத்தாலும் நாங்கள் அதைவிட ஒரு நாள் கூடுதலாக நிற்போம் என்று பொருள். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பாலைவனத்தின் ஊடாக லாஸ் வேகாஸ் வரை நடைப்பயணம் போனார்கள். மாநில ஆளுநர் பாப் மில்லர் சமரசத்துக்கு முயன்று பார்த்தார், பலிக்கவில்லை.

எல்லாமே பெருமைப்படும்படி நடந்தது என்று எழுத முடியாது. 1993 ஏப்ரலில் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ஒரு சுற்றுலாத் தம்பதிக்கும் மறியலில் நின்றவர்களுக்கும் வாய்த்தகராறு முற்றிக் கைகலப்பானது. கணவர் கடுமையாகத் தாக்கப்பட்டார். வழக்கு வந்தது, தொலைக்காட்சியில் வந்தது, சங்கத்துக்கு அவப்பெயர் வந்தது. அதற்குச் சமாதானம் சொல்ல நான் தயாரில்லை. விருந்தினர் மேல் கைவைத்தது தவறு. ஆனால் நிர்வாகம் படிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒரு பஞ்சாலையில் தகராறு என்றால் நூல் வாங்குபவருக்கு அது தெரியாது. விடுதியில் தகராறு என்றால் விருந்தினர் அதன் நடுவில்தான் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்து வர வேண்டும். சுற்றுலாத் தொழிலில் தொழிலாளர் உறவு கெட்டால் அதை மறைத்து வைக்கச் சுவர் கிடையாது. விற்கும் பொருளும் அதைச் செய்யும் ஆளும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், விருந்தினர் கண்முன் நிற்கிறார்கள். அத்தோடு, இன்றைக்கு விற்காத அறையை நாளைக்கு விற்க முடியாது. மூட்டை கட்டி கிடங்கில் வைக்க அது சரக்கு இல்லை.

எதிர்வீட்டிலும் இதே பாடம்

1993 டிசம்பரில் ஸ்ட்ரிப்பின் தென்பக்கத்தில் எம்.ஜி.எம். கிராண்ட் திறந்தது. 5,000க்கும் மேற்பட்ட அறைகள், உலகின் மிகப் பெரிய விடுதி என்று அப்போது பேர். அதன் தலைவர் ராபர்ட் மாக்ஸி சங்கம் வேண்டாம் என்றார். மறியல், ஊர்வலம், கூட்டங்கூட்டமாகக் கைது எல்லாம் அங்கேயும் நடந்தது. 1995இல் அவர் விலகி, டெர்ரன்ஸ் லானி பொறுப்புக்கு வந்தார். 1996இல் நிறுவனம் சங்கத்தை அங்கீகரித்தது. அதற்குப் பிறகு எம்.ஜி.எம். இளைத்துப்போகவில்லை. 2000இல் மிராஜ் நிறுவனத்தையே வாங்கும் அளவுக்கு வளர்ந்தது.

ஒரே ஊர், ஒரே சங்கம், ஒரே வெயில். மிராஜ் ஒப்பந்தத்தோடு பிறந்து வளர்ந்தது. எம்.ஜி.எம். சண்டையோடு பிறந்து மூன்று வருடத்தில் மனம் மாறியது. ஃப்ரன்டியர் கடைசிவரை மாறவில்லை. "நியாயமான ஒப்பந்தம் போட்டால் விடுதி நட்டத்தில் போகும்" என்ற வாதத்தை இதைவிடச் சுத்தமாகச் சோதித்துப் பார்க்க வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. தொண்ணூறுகளில் ஸ்ட்ரிப்பில் விடுதிமேல் விடுதியாக எழும்பிக்கொண்டிருந்தபோது, ஃப்ரன்டியரின் பெயர் செய்தியில் வந்ததெல்லாம் வாசலில் நின்றவர்களால்தான்.

சமரசத்தின் நல்ல பக்கத்துக்கு ஓர் உதாரணம் சொல்லலாம். 1993இல் சங்கமும் விடுதிகளும் சேர்ந்து ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கின. பாத்திரம் கழுவுபவர் சமையல் படிக்கலாம், அறை சுத்தம் செய்பவர் பரிமாறும் வேலைக்குப் போகலாம், ஆங்கிலம் தெரியாமல் வந்தவர் ஆங்கிலம் கற்கலாம். புதிது புதிதாகத் திறந்த விடுதிகளுக்குத் தேறிய ஆட்கள் வேண்டும், தொழிலாளிக்கு அடுத்த படி வேண்டும். இரண்டும் ஒரே கட்டடத்தில் சந்தித்தன. ஆள் நிற்பதில்லை, ஆள் நிற்பதில்லை என்று புலம்பும் நம்மூர் விடுதி முதலாளிகள் இந்தப் பள்ளியைப் பற்றி ஒரு நாள் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். வேலையில் மேலே போக வழி தெரிந்தால் ஆள் நிற்பார். வழி தெரியாத இடத்தில் முந்நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் அடுத்த விடுதிக்குப் போவார், போவதுதான் நியாயமும்கூட.

முடிந்த விதம்

1997இல் கான்சஸ் மாநிலத்து விடுதித் தொழிலதிபர் ஃபில் ரஃபின் ஃப்ரன்டியரை 16 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்க முன்வந்தார். பொறுப்பேற்கும் முன்பே சங்கத்தோடு பேசி முடித்தார். வாங்கப்போகும் சொத்தின் வாசலில் ஆறு வருட மறியல் இருந்தால் யாருக்குத்தான் அறை விற்கும்? ஆறு வருடமாக எலார்டி குடும்பத்துக்குப் புலப்படாத அந்தக் கணக்கு, வெளியிலிருந்து வந்தவருக்கு முதல் பார்வையிலேயே புலப்பட்டது. உள்ளே இருந்தவர்களுக்கு அது கணக்காக இல்லாமல் வீம்பாக மாறியிருந்தது என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

1998 ஜனவரி 31 நள்ளிரவு தாண்டியதும் விடுதி கைமாறியது. பெயர் மறுபடி நியூ ஃப்ரன்டியர் ஆனது. வேலைநிறுத்தம் செய்தவர்கள் பழைய பணிமூப்போடு கூட்டமாக வாசலுக்குள் நடந்தார்கள். ஏறத்தாழ 300 பேர் பழைய வேலைக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் இதற்குள் வேறு விடுதிகளில் ஊன்றிவிட்டவர்கள், ஓய்வு பெற்றவர்கள். இந்த ஆறு ஆண்டில் வேலைநிறுத்தம் செய்தவர்களில் இறந்துபோனவர்களும் உண்டு, அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளும் உண்டு.

பணிமூப்போடு திரும்பியது ஏன் முக்கியம் என்று விடுதியில் வேலை பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எந்த ஷிஃப்ட், எந்த வார விடுமுறை, எந்த மாடி என்பதை அதுதான் தீர்மானிக்கும். பிள்ளை பள்ளிவிட்டு வரும்போது வீட்டில் இருக்க முடியுமா என்பது பணிமூப்புப் பட்டியலில் உங்கள் பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மேனேஜருக்கு வேண்டியவருக்கு நல்ல மாடி, வேண்டாதவருக்குக் கோடி அறை என்ற வழக்கத்துக்கு அது ஒன்றுதான் தடுப்பு. ஆறு வருடம் வெளியே நின்றதை ஆறு வருட இடைவெளியாகக் கணக்கிட்டிருந்தால், திரும்பிய ஒவ்வொருவரும் நேற்றுச் சேர்ந்தவருக்குப் பின்னால் நின்றிருப்பார்கள்.

2023 நவம்பரில் இதே சங்கம் சீசர்ஸ், எம்.ஜி.எம்., வின் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களோடும் வேலைநிறுத்தக் கெடுவுக்கு முன்பே ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஐந்து ஆண்டில் ஏறத்தாழ 32 சதவீத உயர்வு அதில் இருந்தது. என் கண்ணுக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறொரு விதி: அறைகளைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு பல விடுதிகள் விருந்தினர் கேட்டால்தான் சுத்தம் என்று மாற்றிக்கொண்டன. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று அட்டை வைத்தார்கள். மூன்று நாள் குப்பை சேர்ந்த அறையை நான்காம் நாள் அதே முப்பது நிமிடத்தில் சுத்தம் செய்ய வேண்டியவரிடம் யாரும் கேட்கவில்லை. அவரைக் கேட்டு எழுதிய விதி இது.

ஃப்ரன்டியர் இப்போது இல்லை. 2007இல் ரஃபின் அதை 120 கோடி டாலருக்கும் மேல் விற்றார். அவர் கொடுத்த விலைக்கு ஏழு மடங்கு. ஜூலை 16 அன்று விடுதி மூடப்பட்டது, நவம்பர் 13 அதிகாலையில் வெடி வைத்துக் கோபுரத்தைத் தகர்த்தார்கள். அங்கே வரவிருந்த புதிய விடுதி வரவேயில்லை, இடம் பல ஆண்டுகள் வெற்றுத் தரையாகக் கிடந்தது. அங்கே கட்டில் விரித்தவர்களின் ஓய்வூதியக் கணக்கு மட்டும், அது ஊரின் பொது நிதியில் இருந்ததால், அடுத்த விடுதிக்கு அவர்களோடு போயிற்று.